கொழும்பின் பச்சைக் காவலர்கள்

கொழும்பைப் புகழ்ந்தவர்கள் பலர். 14ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, இந்நகரைக் ‘கலன்பூ’ எனக் குறிப்பிட்டு, ஸரந்தீபின் பெரிய, அழகிய நகரங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தார். 1921ஆம் ஆண்டு கொழும்புக்கான நகரத் திட்ட அறிக்கையைத் தயாரித்த ஸ்கொட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ், இதனைக் கீழைத்தேயத்தின் பூங்கா நகரமாகக் கண்டார். 2018 ஒக்டோபரில் டுபாயில் நடைபெற்ற ரம்சார் மாநாட்டில், உலகின் முதல் 18 ஈரநில நகரங்களுக்கு அங்கீகாரம் வழங்கப்பட்டது. அந்தப் பதினெட்டில் ஒரு நாட்டின் தலைநகராக இருந்தது கொழும்பு மாத்திரமே.

இத்தனை புகழ் இருந்தும், வெளியூரிலிருந்து உறவினர்கள் வந்தால் நாம் அவர்களை எங்கே அழைத்துச் செல்கிறோம்? தாமரைக் கோபுரம், புறக்கோட்டைக் கடைத்தெரு, பெரிய வர்த்தகத் தொகுதிகள், மாலையானால் காலி முகத்திடல். அத்துடன் கொழும்பு முடிந்துவிடுகிறது. இந்நகரின் பச்சை இடங்களை மாத்திரம் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து வந்தால் வேறொரு கதை தெரியவரும். அவற்றுள் பல, அழகுக்காக உருவானவை அல்ல, காவலுக்காக உருவானவை. இன்றும் அவை காவல் காத்துக்கொண்டுதான் இருக்கின்றன. எதிரி மாத்திரம் மாறிவிட்டான். அந்த இடங்களை மேற்கேயுள்ள கடற்கரையிலிருந்து தொடங்கி, கிழக்கே கோட்டே வரை வரிசையாக அறிமுகப்படுத்துவதே எனது நோக்கம்.

காலி முகத்திடல்

கடலுக்கும் வீதிக்கும் இடையில் ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர் நீளத்துக்கு விரிந்து கிடக்கும் இந்தப் புல்வெளி, ஒல்லாந்தர் காலத்தில் பீரங்கிகளுக்காக வெறுமையாக விடப்பட்ட நிலம் என்பர். தெற்கிலிருந்து கோட்டையை நோக்கி வரும் பகைவர் ஒளிந்துகொள்ள மரமோ கட்டடமோ இருக்கக் கூடாது என்பதே அதன் காரணம். ஆங்கிலேயர் காலத்தில் இங்கே குதிரைப் பந்தயம் நடைபெற்றது.

இன்று நாம் காற்று வாங்கி நடக்கும் கடலோர நடைபாதையை அமைக்கத் தொடங்கியவர் ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட். 1856இல் ஆரம்பித்த வேலை 1859இல் நிறைவு பெற்றது. அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. பட்டம் விடுபவர்களும் இறால் வடை வாங்குபவர்களும் அதைக் கடந்து போகிறார்கள். நின்று வாசிப்பவர்கள் குறைவு. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இந்த நடைபாதையைப் பேணும்படி தமக்குப் பின்வரும் ஆளுநர்களுக்கு வோர்ட் பரிந்துரைப்பதாக அக்கல் கூறுகிறது. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பரிந்துரை காலாவதியாகவில்லை என்று அதை வாசித்தபோது எனக்குத் தோன்றியது. பெண்கள் தமது பிள்ளைகளோடு கட்டணம் செலுத்தாமல், எவரிடமும் அனுமதி கேட்காமல், கடலைப் பார்த்து அமரக்கூடிய இடங்கள் ஒரு நகரில் எத்தனை இருக்கும்? பெருநாள் தினத்தில் இதே திடலில் கூட்டுத் தொழுகை நடைபெறுவதையும் இங்கே நினைவுபடுத்தலாம்.

பேரே வாவி

திடலிலிருந்து சிறிது உள்ளே நடந்தால் பேரே வாவி. இதுவும் ஒரு காவலனே. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் தமது கோட்டையைப் பாதுகாக்க நீரைத் தேக்கி அகழியாக்கினர். பின்னர் வந்த ஒல்லாந்தர் அதனைக் கால்வாய்களோடு இணைத்தனர்.

வாவியின் நடுவே மிதப்பது போல் தோன்றும் சீமா மாலக்க என்னும் பௌத்த தியான மண்டபத்தை 1970களில் வடிவமைத்தவர் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா. அதற்கான செலவை ஏற்றது, மறைந்த தமது மகனின் நினைவாக ஒரு முஸ்லிம் தம்பதியர். பாடப் புத்தகங்களில் இன நல்லுறவு பற்றி எத்தனையோ பந்திகளை மனனம் செய்கிறோம். அதற்கு உதாரணம் தேடுவோர் இந்த வாவிக் கரையில் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

வாவியில் கூழைக்கடாக்கள் கூட்டமாக நீந்துவதையும், நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காய்வதையும் காணலாம். ஆனால் நீரின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். சில காலங்களில் அது பச்சை மையைக் கரைத்துவிட்டது போல் இருக்கும். கழிவு நீரிலுள்ள போசணைப் பதார்த்தங்கள் வாவியில் சேரும்போது அல்காக்கள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன, அவை இறந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைகிறது, மீன்கள் இறக்கின்றன, துர்நாற்றம் வீசுகிறது. பச்சையாகத் தெரிவதெல்லாம் பசுமையாகாது என்பதற்குப் பேரே வாவியே சாட்சி.

விகாரமகாதேவிப் பூங்காவும் நூதனசாலையும்

கொழும்பு 7 பிரதேசத்தைத் தமிழில் கறுவாத்தோட்டம் என்கிறோம். அது வெறும் பெயரல்ல. ஒல்லாந்தர் காலத்தில் உண்மையாகவே இங்கே கறுவா பயிரிடப்பட்டது. அந்தத் தோட்டம் மறைந்த பின்னர் உருவான விக்டோரியா பூங்காவே பிற்காலத்தில் துட்டகைமுனு மன்னனின் தாயாரின் பெயரைப் பெற்று, விகாரமகாதேவிப் பூங்கா ஆயிற்று. மாநகர சபையின் வெண்ணிறக் கட்டடத்துக்கு எதிரே அமைந்துள்ள இப்பூங்காவில் பெரிய மரங்களின் கிளைகளில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்குவதைச் சிறுவர்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள்.

பூங்காவுக்கு அருகிலுள்ள தேசிய நூதனசாலை 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் அதனைக் கட்டியெழுப்பியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் கட்டட நிர்மாணி. அவருக்கு என்ன கைம்மாறு வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைக்க வேண்டும் என்பதை மாத்திரமே கேட்டாராம். நீண்டகாலம் வெள்ளிக்கிழமைகளில் அது மூடப்பட்டிருந்தமைக்கு இதுவே காரணம் எனச் சொல்லப்படுகிறது.

உள்ளே தவறாமல் பார்க்க வேண்டியது காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய இக்கல்லில் 1409ஆம் ஆண்டுக்குரிய திகதி உள்ளது. 1911இல் காலியில், ஒரு வடிகாலை மூடிய கல்லாக இருந்தபோது இது கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில், மூன்று சமயத்தவருக்குரிய முறையில், காணிக்கைகள் பற்றிய விபரம் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாம் வீட்டில் பேசும் மொழியும், எமது முன்னோரான வணிகர்களின் கடல்வழித் தொடர்புகளைச் சொல்லும் மொழியும் ஒரே கல்லில் இருப்பதைக் காணும்போது ஏற்படும் உணர்வைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

நூதனசாலை முற்றத்திலுள்ள ஆலமரங்களையும், அப்பகுதி வீதிகளில் குடை பிடித்தாற்போல் நிற்கும் வாகை மரங்களையும் சும்மா கடந்து போகக் கூடாது. நண்பகலில் அந்த நிழலுக்குள் நடந்து, பின்னர் மரமில்லாத வீதிக்கு வந்தால் வித்தியாசத்தை உடல் உடனே உணரும். இலைகள் வெளிவிடும் நீராவியும் நிழலும் சேர்ந்து சூழலைக் குளிர்விக்கின்றன. அதே நேரம், மூத்த மரங்களுக்குப் பராமரிப்பும் தேவை. 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ் வண்டி மீது மரமொன்று வீழ்ந்து பலர் உயிரிழந்தனர். வேரைச் சுற்றிலும் கொங்கிறீட் இட்டு, மழை வந்ததும் மரத்தைக் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது.

கோட்டே: சதுப்பே மதில்

இனிக் கிழக்கே செல்வோம். கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவலை செல்லும் 177ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் இராஜகிரிய தாண்டி பத்தரமுல்லையை நெருங்கும்போது இருபுறமும் நீர் தெரியும். கொழும்பு முடிந்து எமது நாட்டின் நிர்வாகத் தலைநகரான ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே தொடங்கியதைப் பலர் கவனிப்பதே இல்லை. அவ்வளவு நெருக்கமாக இரண்டும் இணைந்துள்ளன.

கோட்டே என்ற பெயரே ‘கோட்டை’ என்பதுதான். 14ஆம் நூற்றாண்டில் அழகக்கோனார் என்ற பிரதானி, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் படைகளை எதிர்கொள்ள இங்கே கோட்டை அமைத்தார். அவர் இந்த இடத்தைத் தெரிவு செய்ததன் இரகசியம் புவியியலில் இருக்கிறது. நிலத்தின் பெரும்பகுதியைத் தியவன்னா ஓயாவும் சதுப்புகளும் சூழ்ந்திருந்தன. தெற்கே மாத்திரம் ஒடுங்கிய தரைவழி. அங்கே மதிலையும் அகழியையும் அமைத்துவிட்டால் மற்றப் பக்கங்களைச் சேறு பார்த்துக்கொள்ளும். சிங்களத்தில் ‘எதுல் கோட்டே’ என்றால் உட்கோட்டை, ‘பிட்ட கோட்டே’ என்றால் வெளிக்கோட்டை. பஸ் நடத்துநர் தினமும் கூவும் இந்த இரு பெயர்களுக்குள் ஒரு பழைய இராசதானியின் வரைபடமே ஒளிந்திருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு மன்னன் இங்கிருந்தே முழு இலங்கையையும் ஒரு குடையின் கீழ் கொண்டுவந்தான்.

அதே சதுப்பைத் தோண்டி உருவாக்கப்பட்ட ஏரியின் நடுவே இன்றைய பாராளுமன்றம் எழுந்து நிற்கிறது. இதனை வடிவமைத்தவரும் ஜெப்ரி பாவாவே. 1982 ஏப்ரல் 29ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டது. மாலை வேளையில் ஏரிக்கரையிலுள்ள தியத்த உயனவில் அமர்ந்து, செப்புக் கூரைகளின் நிழல் நீரில் அசைவதைப் பார்ப்பதற்குப் பணம் எதுவும் தேவையில்லை.

பெத்தகானவும் தியசருவும்

இக்கட்டுரையில் நான் பரிந்துரைக்கும் இடங்களுள் முதலிடம் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கே. ஏறத்தாழ 18 ஹெக்டெயர் பரப்புள்ள இது, பாராளுமன்றத்திலிருந்து தொலைவில் இல்லை. உயர்தரப் புவியியல் பாடத்துக்கான களப்பயணத்தில்தான் இதனை முதன்முதலில் பார்த்தேன். சதுப்பின் மேலாக அமைந்த மரப்பலகை நடைபாதையில் நடக்கும்போது, காலுக்குக் கீழே கறுப்பு நீரும் வேர்களும் மாத்திரமே. சற்று முன்புவரை கேட்ட வாகன இரைச்சல் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

இங்கே பறவைகளைப் பார்க்கக் கோபுரங்களும் மறைவிடங்களும் உள்ளன. மீன்கொத்தி, கொக்கு, நீல நிறத் தாழைக்கோழி என்பன சாதாரணமாகத் தென்படும். கபரகொய்யா ஒன்று வழியை மறித்துப் படுத்திருந்தால் அதற்கு வழிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொழும்பின் ஈரநிலங்களில் நீர்நாயும் மீன்பிடிப் பூனையும் வாழ்கின்றன. மீன்பிடிப் பூனை இரவில் நடமாடும் விலங்கு. நாம் பார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு. எனினும் இலட்சக்கணக்கானோர் வாழும் நகரத்துக்குள் ஒரு காட்டுப் பூனையினம் மீன் பிடித்து உண்டு வாழ்கிறது என்பதே வியப்புக்குரியது.

தலவத்துகொடையிலுள்ள தியசரு பூங்கா இதைவிடப் பெரியது; சுமார் 60 ஏக்கர். அங்கே ஒரு சிக்கலையும் நேரில் காணலாம். சிங்களத்தில் ‘வெல் ஆத்தா’ எனப்படும், சீத்தாவின் இனத்தைச் சேர்ந்த சிறு மரம் சதுப்பெங்கும் அடர்ந்து வளர்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இத்தாவரம் சுதேசத் தாவரங்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அழகாகத் தழைத்து நிற்கும் ஒரு மரமே பிரச்சினையாக இருக்க முடியும் என்பதை இங்கேதான் விளங்கிக்கொண்டேன்.

செல்ல விரும்புவோர் காலை வேளையைத் தெரிவு செய்யுங்கள். பறவைகள் அப்போதுதான் சுறுசுறுப்பாக இருக்கும், வெயிலும் ஏறியிராது. தண்ணீர்ப் போத்தல், தொப்பி, நுளம்புக்கடியிலிருந்து காக்கும் முழுக்கை ஆடை ஆகியன போதும். நுழைவுக்குச் சிறு கட்டணம் உண்டு. கொண்டு செல்லும் பொலித்தீனைத் திரும்பக் கொண்டு வர வேண்டும்.

இந்தச் சேறு எமக்கு என்ன செய்கிறது?

கொழும்பு தாழ்வான, சமமான நிலம். பெய்யும் மழை கால்வாய்கள் வழியே வெள்ளவத்தை, தெஹிவளை, முகத்துவாரம் ஆகிய இடங்களில் கடலையும், வடக்கே களனி கங்கையையும் அடைய வேண்டும். பெருமழையின்போது களனி கங்கையே நிரம்பி வழியும். கால்வாய் நீர் அதற்குள் போக முடியாது. அந்த நேரத்தில் நீருக்கு ஒரு தங்குமிடம் வேண்டும். கொழும்புப் பெருநகரப் பகுதியில் சுமார் 20 சதுர கிலோமீற்றர் பரப்பில் எஞ்சியுள்ள ஈரநிலங்களே அந்தத் தங்குமிடம். அவை கடற்பஞ்சு போல் நீரை வாங்கி வைத்து, கங்கை வடிந்த பின்னர் மெதுவாக விடுகின்றன. அன்று படையைத் தடுத்த சதுப்பு, இன்று வெள்ளத்தைத் தடுக்கிறது.

ஆனால் காவலனை நாமே பலவீனப்படுத்தினோம். கொழும்பு மாவட்டத்தின் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கென்றே 1968இல் ஒரு சபை அமைக்கப்பட்டது. சதுப்பு என்றால் பயனற்ற நிலம், நுளம்பின் வீடு, நிரப்பினால்தான் காசு என்பதே அக்காலத்து எண்ணம். இன்றும் காணி விளம்பரங்களில் ‘நிரப்பப்பட்ட காணி’ என்பது ஒரு தகைமையாகவே பேர்ச் கணக்கில் விலை பேசப்படுகிறது. ஒரு பேர்ச் நிலம் நிரப்பப்பட்டால் அதில் தங்க வேண்டிய நீர் காணாமல் போவதில்லை. அது பக்கத்து வீட்டுக்குப் போகிறது.

2010 நவம்பர் மழையில் அது பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே சென்றது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையும் வெல்லம்பிட்டியவும் நாட்கணக்கில் நீரில் நின்றன. வெல்லம்பிட்டியவிலிருந்து வரும் எனது வகுப்புத் தோழியிடம் இக்கட்டுரைக்காக அது பற்றிக் கேட்டேன். “எங்கட ஊட்டு மாடிப்படியில அஞ்சாவது படி மட்டும் தண்ணி வந்த. செவருல அந்த அடையாளம் இன்னம் ஈக்கிது. பெயின்ட் அடிச்ச நேரம் உம்மா அத மட்டும் அழிக்க விடல்ல” என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, “மறந்துடக் கூடாதாம்” என்று மாத்திரம் சொன்னாள்.

அடுத்த ஆண்டு, 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். கொழும்பு நகரின் குப்பை பல வருடங்களாகக் கொலன்னாவைச் சதுப்பு நிலத்தின் மேல் குவிக்கப்பட்டு மலையானது. அந்தக் குப்பை அங்கு வாழ்ந்தவர்கள் மாத்திரம் போட்டதல்ல. கறுவாத்தோட்டத்து வீட்டின் உணவுக் கழிவும், எமது பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளின் பொலித்தீனும் அதில் கலந்திருக்கும். அழகிய பூங்காக்கள் நகரின் ஒரு பக்கத்திலும், நகரின் அழுக்கு மறுபக்கத்திலும் இருக்குமானால், அந்நகரைப் பசுமை நகரம் என்று அழைக்கும்போது எமக்குச் சற்றுத் தயக்கம் வர வேண்டும்.

எமது பங்கு

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற கருத்துடைய நபிமொழியைச் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். பாடசாலை விழாக்களில் மரக்கன்று நடுகிறோம், புகைப்படமும் எடுக்கிறோம். சதுப்பு நிலத்துக்கு நடுகை விழா தேவையில்லை. அதை நிரப்பாமல் விட்டால் போதும். மண்ணையும் குப்பையையும் கொட்டாமல் விட்டால் அது தானாகவே தன் வேலையைச் செய்யும். எமது வீட்டுக் கூரையில் விழும் மழைநீர் எந்தக் கானுக்குப் போகிறது, அந்தக் கான் எந்தக் கால்வாயில் சேர்கிறது, அந்தக் கால்வாய் எங்கே முடிகிறது என்பதை நாம் ஒவ்வொருவரும் ஒரு நாள் தேடிப் பார்க்கலாம். புவியியல் படிக்காதவர்களுக்கும் அது நல்ல பாடம்.

தாமரைக் கோபுரத்துக்குப் போக வேண்டாம் என்று நான் கூறவில்லை. 350 மீற்றர் உயரமுள்ள அக்கோபுரத்தின் மேல்தளத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்பக்கமாக நின்றே புகைப்படம் எடுக்கிறார்கள். அடுத்த முறை செல்லும்போது சிறிது நேரம் கிழக்குப் பக்கமாகவும் நின்று பாருங்கள். கொலன்னாவைக்கும் கோட்டேக்கும் இடையில், கூரைகளின் நடுவே திட்டுத்திட்டாகக் கடும்பச்சை தெரியும். நூறாண்டுகள் நூறாண்டுகளாக இந்நகரைக் காத்து வருபவை அவை. அவற்றின் ஓரங்களில் எத்தனை கூரைகள் புதிதாக ஏறியிருக்கின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள்.